யாருக்குப் பாட்டு?

காஞ்சீபுரத்தில் பாட்டுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. வரதராஜப் பெருமாள் கோயிலில் சாமிக்கு முன்னால் நின்று பாடும் பாத்தியதை வடகலையாருக்கா, தென்கலையாருக்கா என்று நூறு வருஷத்திற்கு மேலாகக் கோர்ட்டுப் படி ஏறி இறங்கிக் கொண்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து வியாஜ்யம், அவன் மூட்டை கட்டிக்கொண்டு போய் இத்தனை காலம் ஆகியும் ஓயவில்லை. இதிலே வேடிக்கை என்னவென்றால், இரண்டு கட்சிக்கும் சாமி ஒன்றுதான், கோயிலும் ஒன்றுதான். சண்டை முழுதும் யார் பாடுவது என்பதைப் பற்றித்தான். யாரைப் பற்றிப் பாடுவது, எதற்காகப் பாடுவது என்கின்ற கேள்வி இந்த நூறு வருஷத்தில் எந்த வாதிக்கும் பிரதிவாதிக்கும் தோன்றினதாகத் தெரியவில்லை.

அவர்களுக்குத் தோன்றாதது போகட்டும். நமக்காவது தோன்றுகிறதா என்பதுதான் இப்போது நாம் கேட்பது.

சென்ற மாதம் நம்மூரில் ஒரு பொதுக்கூட்டம். பேச்சு தொடங்குமுன் இளைஞர் பாட்டுக் கோஷ்டி ஒன்று பறை அடித்துப் பாடிற்று. பழைய நாட்டுப் பாடல் மெட்டுகளைத் தேடி எடுத்து, அவற்றில் புதிய சங்கதிகளை வைத்துப் பாடுகிறவர்கள். நல்ல குரல், நல்ல தாளம். அதில் எம்டன் கப்பலைப் பற்றி ஒரு பாட்டு. செர்மன் கப்பல் சென்னைக்கு வந்ததாம், குண்டு போட்டதாம், வெள்ளைக்காரன் நடுங்கினானாம், அந்தக் கப்பலின் மேல்தட்டில் நம்முடைய செண்பகராமன் பிள்ளை நின்றுகொண்டிருந்தாராம். கூட்டம் கை தட்டிற்று. நாமும் தட்டினோம் என்பதை ஒளிப்பானேன்? வெள்ளைக்காரன் நடுங்கினான் என்றால் யாருக்குத்தான் கை ஊறாது!

கூட்டம் கலைந்து டீக்கடையில் நிற்கும்போது நம்மோடு வந்திருந்த ஒரு தறிக்காரப் பிள்ளை, “ஏன் ஐயா, எம்டன் என்றால் கெட்டிக்கார ஆள் என்றல்லவா நினைத்தேன், அது கப்பலா?” என்று கேட்டான். அவன் பேரில் தப்பு இல்லை. “அவன் சரியான எம்டன்” என்று ஊரெல்லாம் பேசுகிறோம். 2006-இல் “எம்டன் மகன்” என்று ஒரு சினிமாவுக்குப் பெயர் வைத்துப் பிறகு அதை “எம் மகன்” என்று மாற்றினார்கள். கப்பல் கடலில் போய்விட்டது. பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. அப்போது நாம் அந்தக் கோஷ்டித் தோழர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டோம். “அன்று இராத்திரி சென்னையில் எத்தனை பேர் செத்தார்கள்?” பாடினவர் ஆறு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. சாவே நடந்தது என்று அதில் இருவர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள்.

ஆகவே உள்ள சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறோம். 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. கப்பல் தலைவன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். ஏறக்குறைய 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றிக்கொண்டு, மூன்றரை லட்சம் காலன் அளவுக்கு மண்ணெண்ணெய் எரிந்தது. துறைமுகத்தில் நின்ற ஒரு வாணிபக் கப்பலிலும் அடி விழுந்தது. மனிதர்களில் குறைந்தது ஐந்து பேர் மாண்டார்கள். பட்டணத்து ஜனங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினார்கள். உடனே விளக்கை அணைத்துக்கொண்டு எம்டன் போய்விட்டது.

செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்பது கதை. அதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. அதே 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்து தேசத்தில், ஜூரிச் நகரத்தில், இந்தியாவின் விடுதலைக்காக ஒரு கமிட்டி அமைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஆள் ஒரே மாதத்தில் ஜூரிச்சில் கமிட்டியும் வங்காள விரிகுடாவில் பீரங்கியும் நடத்தினார் என்று நம்புவதானால், கிருஷ்ணன் பதினாறாயிரம் வீட்டில் ஒரே சமயத்தில் இருந்தான் என்பதை நாம் ஏன் பரிகாசம் செய்கிறோம்? அவர் செய்த காரியத்துக்கே அவரை மதிக்கலாம். செய்யாததைச் சேர்த்துப் பாடுவது புராணம். புராணத்தைப் பறையில் அடித்தாலும் புராணம்தான்.

சென்னை ஐக்கோர்ட்டு மதிலில் எம்டன் குண்டு விழுந்த இடத்தில் கல் ஒன்று பதித்திருக்கிறார்கள். குண்டு விழுந்த தேதி இருக்கிறது. கப்பல் பெயர் இருக்கிறது. செத்தவர் பெயர் இல்லை. அதாவது கொன்ற கப்பலுக்குக் கல் உண்டு, பாட்டு உண்டு, பாஷையில் ஒரு வார்த்தையே உண்டு. செத்தவனுக்கு ஒன்றுமில்லை.

எம்டனும் நெடுநாள் இருக்கவில்லை. அதே வருஷம் நவம்பர் 9-ந் தேதி கொக்கோஸ் தீவுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் போர்க்கப்பல் அதை அடித்துக் கரையில் மோதவைத்தது. கப்பலில் இருந்தவர்களில் 130 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களும் அநேகமாய்ச் சம்பளத்துக்கு வந்த பிள்ளைகள்தான். கைசர் மகன் ஒருவனும் அதில் இல்லை. ஆனால் செர்மன்காரன் என்ன செய்தான்? அந்தக் கப்பலில் வேலை செய்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தங்கள் பெயரோடு எம்டன் என்பதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று சர்க்கார் அனுமதி கொடுத்தது. சாதிப் பட்டம் போட்டுக்கொள்வதற்குப் பதில் இதுவாவது மேல்!

“காஞ்சீபுரத்து நெசவாளிக்கும் கடலில் நடக்கிற சண்டைக்கும் என்ன சம்பந்தம்?” என்று ஒரு பெரியவர் நம்மைக் கேட்டார். சம்பந்தம் உண்டு. நம் தறிக்காரர்கள் அந்தக் காலத்தில் சாயத்துக்குச் செர்மனியை நம்பி இருந்தார்கள். சண்டை வந்து கப்பல் நின்றதும் செர்மன் சாயம் நின்றது. கிடைத்த கொஞ்சமும் யானை விலை குதிரை விலை ஆயிற்று. கடலையே பார்த்திராதவன் வீட்டு அடுப்பையும் கடல் சண்டை அணைக்கும். சாமி ஊர்வலம் வராவிட்டால் எந்தச் சாயத் தொட்டியும் காய்வதில்லை.

இனி, அமெரிக்க தேசத்துச் சங்கதி ஒன்று. 1941-ஆம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி, அமெரிக்கா இன்னும் சண்டையில் சேராதிருந்த சமயம். ரூபன் ஜேம்ஸ் என்கின்ற அந்நாட்டு நாசகாரிக் கப்பல் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாக ஐஸ்லாந்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. செர்மன் நீர்மூழ்கி ஒன்று அதை அடித்து மூழ்கடித்தது. சுமார் நூறு பேர் போனார்கள். அக்காலத்தில் நியூயார்க்கில் ஆல்மனாக் சிங்கர்ஸ் என்று ஒரு பாட்டுக் கோஷ்டி. நம் டீக்கடைத் தோழர்களைப் போலத்தான்: பழைய நாட்டுப்புற மெட்டு, புதிய சங்கதி. அதில் உட்டி கத்ரி என்று ஒருவர். ஊர் ஊராகச் சுற்றி, கிடைத்த வேலையைச் செய்து, கூலிக்காரர் நடுவே பாடித் திரிந்தவர். அவர் இந்தக் கப்பலைப் பற்றி ஒரு பாட்டு எழுத உட்கார்ந்தார். என்ன எழுதினார் தெரியுமா? செத்துப்போன அத்தனை பேர் பெயரையும் வரிசையாக எழுத ஆரம்பித்தார்!

கூட இருந்த தோழர்கள், “இவ்வளவு பெயரை வைத்துப் பாடினால் யார் கேட்பார்கள்?” என்று சொன்னார்கள். அதுவும் நியாயம்தான். கடைசியில் பெயர்ப் பட்டியலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவர்கள் பெயர் என்ன என்கின்ற கேள்வியையே பல்லவியாக வைத்தார்கள். ஜனங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தக் கேள்வியைத்தான் பாடுவார்கள். இருபது வருஷம் கழித்து, 1961-இல், கிங்ஸ்டன் ட்ரையோ என்கின்ற மூவர் கோஷ்டி அதே பாட்டைத் தட்டில் பதிவு செய்து வீட்டுக்கு வீடு கொண்டுபோயிற்று. பாட்டில் கப்பலின் பெருமை இருக்கிறதா, கொடியின் பெருமை இருக்கிறதா என்று பார்த்தால், அதைவிட மேலாக நிற்பது அந்தக் கேள்விதான். கேட்பவன் வீட்டுக்குப் போன பிறகும் விடாத கேள்வி.

அந்தக் கோஷ்டியை நாம் தலையில் தூக்கிவைத்து ஆடச் சொல்லவில்லை. அதே 1941-இன் முற்பகுதியில் சண்டை வேண்டாம் என்று பாடினவர்கள், ஜூன் மாதம் இட்லர் ருஷியாவின்மேல் பாய்ந்ததும் சண்டை வேண்டும் என்று பாடினார்கள். பாட்டுக்காரனும் கட்சிக்காரன்தான். அதனால் பாட்டைக் கேட்கும்போதும் புத்தியைக் கழற்றி வைக்கக்கூடாது. மற்றொரு வேடிக்கையும் உண்டு. ரூபன் ஜேம்ஸ் என்பது நூறு வருஷத்துக்கு முற்பட்ட ஒரு சாதாரண மாலுமியின் பெயர். 1804-இல் திரிபோலிச் சண்டையில், தன் தலைவனுக்கு விழ இருந்த வெட்டைத் தான் வாங்கிக்கொண்டான் என்று அவன் பெயரைக் கப்பலுக்கு வைத்தார்கள். பிறகு ஆராய்ந்தவர்கள், வெட்டு வாங்கினவன் அவன் அல்ல, டேனியல் ஃபிரேசியர் என்கின்ற வேறு மாலுமியாக இருக்க வேண்டும் என்கிறார்கள். பெயரைக் கேட்டு எழுதி வைக்காவிட்டால் ஒருவன் வாங்கின வெட்டு இன்னொருவன் கணக்கில் ஏறிவிடும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் வாணிபக் கப்பல்களில் வேலை செய்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். லஸ்கர் என்று சொல்லுவார்கள். கரி வாரிப் போடுவது, அடுப்பு எரிப்பது, தட்டுக் கழுவுவது எல்லாம் அவர்கள் வேலை. வெள்ளை மாலுமிக்கு உள்ள கூலியில் ஒரு சிறு பங்குதான் அவர்களுக்கு. 1939-இல் சண்டை தொடங்கினதும் லண்டன் முதலிய துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்துதான் கொஞ்சம் கூலி உயர்வு பெற்றார்கள். யுத்தம் முடிவதற்குள் சுமார் 6,600 பேர் செத்தார்கள். அடுப்பறை கப்பலின் அடிவயிற்றில் இருக்கிறது. அடிபட்டால் முதலில் தண்ணீர் புகுவதும் அங்கேதான்.

இப்படிச் செத்த பிரிட்டிஷ் வாணிபக் கப்பல் மாலுமியின் பெயர் லண்டனில் டவர் ஹில் என்னும் இடத்தில் வெண்கலப் பலகையில் இருக்கிறது. லஸ்கர் பெயர் அங்கே இல்லை. பம்பாயிலும் சிட்டகாங்கிலும் ஒவ்வொரு புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளையனுக்குப் பலகை, கறுப்பனுக்குக் காகிதம்! கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் முதல் யுத்தத்து லஸ்கர்களுக்காக 1924-இல் கட்டின சின்னம் ஒன்று உண்டு. அதில் 896 மாலுமிகள் என்று போட்டிருக்கிறது. எண்ணிக்கைதான், பெயர் அல்ல. ஆட்டு மந்தையைத்தான் தலை எண்ணிச் சொல்லுவது வழக்கம்.

வெள்ளைக்காரன் அப்படிச் செய்தான் என்று திட்டிவிட்டுப் போய்விடலாம். நம் ராஜாக்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? 1025-இல் இராஜேந்திர சோழன் கப்பற்படை அனுப்பிக் கடாரம் கொண்டான் என்று மெய்க்கீர்த்தி முழங்குகிறது. பிடித்த ஊர்களின் பெயரெல்லாம் வரிசையாக வருகிறது. போன கப்பல்களில் எத்தனை திரும்பின, துடுப்புப் போட்டவன் யார், அவன் வீட்டில் அழுதவள் யார் என்று ஒரு வரி உண்டா? அந்த மெய்க்கீர்த்தியை மேடையில் முழக்கிப் “பார் தமிழன் வீரத்தை” என்று மீசையை முறுக்குகிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம்மிடம் உண்டு. அதைத்தான் ஜனங்கள் அறியமாட்டார்கள். காஞ்சீபுரத்தைத் தலைநகராகக் கொண்ட மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில், செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்கிற ஊரில் ஒரு நடுகல் வைத்தார்கள். எருமை மந்தையைக் காக்கப் போய்ச் செத்த ஒருவனுக்கு வைத்த கல் அது. அவன் பெயர் கருந்தேவக்கத்தி என்று கல்லில் இருக்கிறது. அவனோடு ஒரு நாயும் செதுக்கியிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன், அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதியிருக்கிறது. தோழர்களே! ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குக் கொடுத்த மரியாதையை 1914-இல் சென்னையில் செத்த ஐந்து பேருக்கு நாம் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். செத்தவனைப் பாடுகிறேன் என்று தொடங்கி அவனைச் சாமியாக்கி விடுவதும் நம் நாட்டு வழக்கம்தான். மதுரைவீரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கிலியர் வளர்த்த பிள்ளை, நாயக்கன் உத்தரவால் கையும் காலும் வெட்டுண்டு செத்தவன். பாட்டு ஏட்டில் ஏறும்போது அவன் காசிராஜன் மகனாகிவிட்டான். முத்துப்பட்டன் கதையில் அவன் மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற பெண்கள். அது பொறுக்காமல், அவர்களும் பார்ப்பனப் பிறப்புத்தான், காட்டிலே கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒட்டுப் போட்டுவிட்டார்கள். நாட்டுப் பாடல்களைத் தொகுத்த நா. வானமாமலை இந்த ஒட்டு வேலையை எடுத்துக் காட்டியிருக்கிறார். பிறகு என்ன? கொன்றவன் யார் என்ற கேள்வி போயிற்று. வெட்டச் சொன்னவன் போனான். பொங்கலும் கிடாயும் வந்தன. பழம் பாட்டைப் புதுப்பிக்கிறோம் என்கின்ற கோஷ்டிகள் எந்தப் பாட்டை எடுக்கிறோம், அதில் எந்த ஒட்டு இருக்கிறது என்று பார்க்காமல் எடுத்தால், பறையைக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் வைத்த கதைதான்.

நம்மூர்க் கோயிலிலேயே இதற்குப் பொருத்தமான ஒரு காட்சி இருக்கிறது. அத்தி மரத்தில் செய்த ஒரு பொம்மையைக் குளத்தில் போட்டு வைத்து, நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். 1979, பிறகு 2019. சென்ற முறை ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். தேசத்து நாலு மூலையிலிருந்தும் ஜனங்கள் வந்து வரிசையில் நின்றார்கள். மந்திரி வந்தார், கலெக்டர் வந்தார், ரயில் விட்டார்கள், பாட்டுகள் புதிது புதிதாக வந்தன. தண்ணீரில் நாற்பது வருஷம் கிடந்த கட்டைக்கு இவ்வளவு வரவேற்பு! மூழ்கின கப்பலோடு கிடக்கிற மனிதன் எந்த வருஷம் மேலே வருவான், அவனுக்கு எந்தக் கலெக்டர் பந்தல் போடுவார்? அதுவும் இருக்கட்டும். அந்த ஜூலை 18-ந் தேதி நெரிசலில் சிக்கி நாலு பேர் செத்தார்கள். பொம்மையை வைத்து எத்தனை பாட்டு வந்தது என்று கணக்குப் போட முடியாது. அந்த நாலு பேர் பெயரைச் சொல்லி ஒரு பாட்டு வந்ததா?

பெயருக்கு நம் கோயில்களில் குறைவு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுத்தவன் பெயரை விளக்கின் மேலேயே, வெளிச்சம் வராதபடி, உபயம் என்று எழுதி வைக்கிறார்கள்.

நம் இயக்கத்தாரும் முழுக்கச் சுத்தம் என்று சொல்ல நாம் தயாராக இல்லை. நம் மேடைப் பாட்டுகளை எண்ணிப் பாருங்கள். பத்தில் ஒன்பது தலைவர் புகழ். தலைவர்களுக்கே அது சலிப்பாயிருக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் நாம் வழி தெரிந்தவர்கள். 1939-இல் இந்தி எதிர்ப்பில் சிறை சென்று மாண்ட நடராசனையும் தாளமுத்துவையும் நாம் “இரண்டு பேர்” என்று சொல்லவில்லை. பெயர் சொன்னோம். நடராசன் என்ன சாதி, தாளமுத்து என்ன சாதி என்று பார்க்காமல் இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னோம். இன்று எழும்பூரில் ஒரு சர்க்கார் கட்டடத்தின் நெற்றியில் தாளமுத்து நடராசன் மாளிகை என்று இருக்கிறது. அவர்களுக்கு யாரும் கற்பூரம் காட்டுவதில்லை. பெயர் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. இதைவிட ஒரு செத்த மனிதனுக்கு என்ன செய்ய முடியும்?

இதையெல்லாம் அன்று டீக்கடையில் அந்தத் தோழர்களிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. பாதியிலேயே கோஷ்டியில் பறை அடிக்கிறவர், வடசென்னைப் பிள்ளை, குறுக்கே விழுந்து, “எங்கள் தெருவில் சாவு விழுந்தால் மரண கானா பாடுவோம் ஐயா. செத்தவன் பெயர், அவன் தெரு, அவன் சிநேகிதர் பெயர், அவன் செய்த சேஷ்டை எல்லாம் அதில் வந்துவிடும். பெயர் இல்லாமல் மரண கானா கிடையாது” என்றார். நாம் சொல்ல வந்ததை அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். பார்க்கப் போனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்களின் தெருக்களில் வளர்ந்த பாட்டு அது. எம்டன் குண்டு விழுந்ததும் அந்தத் தெருக்களுக்கு மிக அருகில்தான்.

“அப்படியானால் அந்த ஐந்து பேருக்கும் ஏன் பாடக்கூடாது?” என்று கேட்டோம். “பெயர் வேண்டுமே” என்றார். 1914 செப்டம்பர் மாதத்துப் பத்திரிகைகளும் போலீசுக் காகிதங்களும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடத் தக்கவை என்றும், விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது நம் வேலை என்றும் சொன்னோம். செண்பகராமன் பிள்ளையைப் பாட்டிலிருந்து இறக்கிவிட வேண்டுமா என்று ஒருவர் சங்கடத்தோடு கேட்டார். கப்பலிலிருந்து மட்டும் இறக்குங்கள், ஜூரிச்சில் விட்டுவிடுங்கள் என்றோம். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை இருவர் எழும்பூருக்குப் போகிறார்கள். தறிக்காரப் பிள்ளையும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.